சாக்ஸபோன்காரரின் மூச்சு

கல்தூசியில் நுரையீரல் கெட்டுப்போன எங்களுக்கெல்லாம் குவாரியில் இயந்திர நுரையீரல் பொருத்தினார்கள். பழைய ஜாஸ் இசைத்தட்டு ஒன்றில் சாக்ஸபோன் வாசித்தவரின் மூச்சுப்படிதான் அது இயங்கும். அவர் இழுத்தால் எல்லோரும் இழுப்போம், விட்டால் விடுவோம்.

“செத்தும் நம்மள மேய்க்கிறாம்பாரு மாப்ள, அந்த ஊதுறவன்!” என்று கொளஞ்சி சிரிப்பான்.

நேற்று மூன்றாம் பாட்டில் அவர் நிறுத்தாமல் நெடுநேரம் ஊதுகிற இடம் வந்தது. அது முடியப்போகையில் எங்கள் நெஞ்சில் துளிக் காற்றில்லை. அப்போதுதான் கொளஞ்சியின் தலைக்கு மேலே பாறை நகர்ந்தது. அவன் குனிந்து கல் உடைத்துக்கொண்டிருந்தான். எல்லோரும் பார்த்தோம். எங்கள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

பாறை விழுந்த பிறகு சாக்ஸபோன்காரர் மூச்சை இழுத்தார்.

“கொளஞ்சி, ஓடுறா!” என்று குவாரியே ஒரே குரலில் கத்தியது.