பொடிச் சர்க்கரை இரண்டு கிலோ

“வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய்னு நீங்களே சொல்றீங்க. அவருக்குப் போய் ரெண்டு கிலோ பொடிச் சர்க்கரையா? நான் தர மாட்டேம்மா.”

லம்ப்ரோஸ் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். கிரீஸ் நாட்டு வோலோஸ் ஊர்ச் சந்தையில் பருப்பும் சர்க்கரையும் விற்கிறவன். வியாபாரம் பாதி, உபதேசம் பாதி. எந்த ஊர்ச் சந்தையிலும் இப்படி ஒருவன் இருந்தே தீருவான்.

எதிரே நின்ற எவந்தியாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மேல்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மூடியிருந்தாள். அவள் தெருக் கடையில் பொடி கட்டி தட்டிக் கிடந்ததால், இந்தக் கடைக்கு முதல் தடவையாக வந்திருந்தாள்.

“சனிக்கிழமை அவருக்காகச் செய்யறேன் தம்பி. ஊரே வரும். கொடு.”

“அப்ப இந்தப் பழுப்புச் சர்க்கரைய எடுத்துக்குங்க. உடம்புக்கு நல்லது.”

“யார் சொன்னா? வெள்ளைச் சர்க்கரைதான் அதுவும். கொஞ்சம் பாகு ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். ரத்தத்துக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணு.”

“சரி, தேன்?”

“அதையும் பார்த்தாச்சு. ‘தேனீ செஞ்சதுக்கு டாக்டர் என்னடி சொல்றது’ன்னு கரண்டியோட வந்து நிப்பார். அளந்து பார்த்தா அதுலயும் எகிறும். திராட்சைப் பாகும் அதே கதைதான். பேர்ல ஒண்ணும் இல்ல தம்பி. எத்தனை கரண்டிங்கறதுலதான் எல்லாம் இருக்கு.”

லம்ப்ரோஸுக்கே யாரும் இப்படிப் பாடம் எடுத்ததில்லை.

எவந்தியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சர்க்கரை போடாத காப்பிதான். ‘என்னடி இது, சாவு வீட்டுக் காப்பி’ன்னு தினமும் திட்டுவார். ஆனா ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார். கண்ணு மங்கல, காலு மரத்துப் போகல. எங்க டாக்டர் அவர் ரத்தச் சோதனைச் சீட்டை எடுத்து மத்தவங்களுக்குக் காட்டுவார், தெரியுமா?”

“இவ்வளவு காப்பாத்திட்டு ஒரே நாள்ல கெடுக்கணுமா? எங்கப்பாவும் ஒருநாள் விருந்துதானேன்னு ஆரம்பிச்சவர்தான். கடைசியில காலையே எடுத்தாங்க. சொன்னா கேளுங்கம்மா, பழுப்புப் பொடியாவது வாங்குங்க.”

“வெள்ளைதான் வேணும். அவரோட அக்கா வருவா. மேல ஒரு கறை, ஒரு விரிசல் தெரிஞ்சாலும் போதும், ‘என் தம்பிக்கு இவ்வளவுதானா’ன்னு ஊர் கூட்டிடுவா. அவர் பேருக்கு ஒரு குறை வரக்கூடாது.”

லம்ப்ரோஸ் பெருமூச்சு விட்டான். “பிறந்த நாள் கேக்கா?”

எவந்தியா மேல்தட்டில் இருந்த வெள்ளி மிட்டாய் ஜாடியைக் காட்டினாள். “அதுல நூறு கிராம் போடு. அவர் பேரோட முதல் எழுத்து வைக்கணும். கோதுமைய அவிச்சு, மேல சர்க்கரைய வழவழன்னு பரப்பி, கோயிலுக்கு எடுத்துட்டுப் போகணும் தம்பி. சனிக்கிழமையோட அவர் போய் நாற்பது நாள்.”

லம்ப்ரோஸ் பொட்டலத்தை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான். “சர்க்கரையாலயாம்மா?”

“சர்க்கரையாலயா?” எவந்தியா நிமிர்ந்தாள். “எண்பத்தொம்பது வயசுல பாதாம் மரத்துல ஏறி விழுந்து போனார்.”