கடைசித் துண்டு

பிறெடி அண்ணையின் உள்ளங்கை எப்போதும் ஈரம்.

அந்தக் கை என் கதிரையின் முதுகில் வந்து அமர்ந்ததும் இறால் வடையும் ஏலக்காயும் கலந்த அவருடைய மூச்சும் வந்து சேர்ந்தது. வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகம் மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று வரும். ஏசி வீணாகும் என்று அவர் திறக்க விடமாட்டார்.

நாங்கள் செய்து விற்பது ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கான முறைப்பாட்டுச் செயலி. மேலதிகாரி தொல்லை கொடுத்தால் அதில் எழுதலாம். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்று குரல் தழுதழுக்கப் பேசி விற்பவர் எங்கள் முதலாளியான இவர்தான். பேச்சு எடுபட வேண்டும் என்பதற்காக எங்கள் அலுவலகத்துக்கும் அதையே போட்டு வைத்திருந்தார்.

எழுதுவது துண்டு துண்டாகப் பூட்டப்படும். தொடங்க வேண்டும், துண்டுகளைக் கொடுக்க வேண்டும், கடைசியில் முடிக்க வேண்டும். முடித்தால்தான் முத்திரை விழுந்து, கொட்டாஞ்சேனையில் இருக்கும் சட்டத்தரணி லுத்பியாவுக்குப் போகும். அவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது.

முடிக்காவிட்டால் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். தொடங்கியவர்தான் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தொடரலாம், முடிக்கலாம். மற்றவர்களால் அழிக்க மட்டும்தான் முடியும்.

அன்று சேர்வரை நிறுத்தித் திருத்த வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகக் கணக்கில் ஒரு முறைப்பாடு பாதியில் நின்றது. அதை முடிக்கவோ அழிக்கவோ செய்யாமல் சேர்வரை நிறுத்த முடியாது.

"ஆரோ ஒரு பெட்டை விசர் வேலை பார்த்திருக்கிறாள்," என்றார். "அழிச்சு விடுங்கோ தங்கச்சி."

தங்கச்சி என்றபோது கை கதிரையிலிருந்து என் தோளுக்கு வந்தது. பெருவிரல் மட்டும் மெல்ல அசைந்தது. துணியைத் தாண்டி ஈரம் பட்டது.

கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தேன். விற்கத் தெரிந்த மனிதருக்கு அதில் ஓர் எழுத்தும் விளங்காது. பிறகு கடவுச்சொல். பிறகு இன்னொரு சொல். பூட்டுவதற்குக் கொடுக்கும் எதுவும் திரையில் தெரியாது. அதை அப்படிச் செய்து வைத்ததே நான்தான்.

அவர் இன்னும் குனிந்தார். ஒன்றுமே தெரியவில்லையே, என்ன அடிக்கிறேன் என்று கேட்டார்.

"கடைசித் துண்டு, அண்ணை."

லிப்டில் நடந்ததையும் சாப்பாட்டறையில் நடந்ததையும் போன கிழமையே கொடுத்திருந்தேன். அவருடைய பெயரை மட்டும் எழுதக் கூசி, பாதியில் விட்டிருந்தேன்.

முடிக்கும் கட்டளையை அடித்தேன். சேர்வர் ஏற்றுக்கொண்டது; முத்திரை விழுந்தது.

அவருடைய கை அப்போதும் என் தோளில்தான் இருந்தது.