பச்சைத்தொட்டியின் சந்தேகம்

குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி, பேரூராட்சிக்காரர்கள் தெருமுனையில் இரண்டு தொட்டிகள் வைத்தார்கள். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். தன் குப்பை உரமாகிப் பூங்காவுக்குப் போகும் என்று பச்சைத்தொட்டிக்கு ஒரே பெருமை. நீலத்தின் மேல்தான் அதற்கு நம்பிக்கையில்லை.

“உன்கிட்ட வாழைப்பழத்தோல் வாசனை வருதே. என் பங்குல கை வைக்கிறியா?”

“யாரோ மாத்திப் போட்டுட்டாங்கண்ணே,” என்றது நீலம்.

பச்சை நம்பவில்லை. தனக்குள் ஒரு பால் கவர் விழுந்தபோது, அது நீலம் அனுப்பிய உளவாளி என்றே முடிவு கட்டியது.

மறுநாள் குப்பை லாரி வந்தது. ‘இன்னிக்கு இவன் குட்டு வெளிப்படும்’ என்று பச்சை காத்திருந்தது. பணியாளர் பச்சையைத் தூக்கி லாரியில் கவிழ்த்தார். அடுத்து நீலத்தையும் தூக்கி, அதே குவியலின் மேல் கவிழ்த்தார். தோலும் கவரும் ஒன்றாகக் கலந்து போயின.

“ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போகுதுண்ணே,” என்றது நீலம்.

பச்சை, மதில்மேல் இருந்த காக்கையைக் கிட்டே கூப்பிட்டு, மெல்லச் சொன்னது: “பாத்தியா, லாரிக்காரனையும் கைக்குள்ள போட்டுக்கிட்டான்.”