கிழிய வேண்டிய தையல்

“நூறு வருஷம் ஆனாலும் இந்தத் தையல் பிரியாது, பாருங்க!” என்று பல் டாக்டர் தன் கார் சீட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

அதைத் தைத்த குஷன்காரர் மூச்சு வாங்க நின்று, அந்த விரல்களையே பார்த்தார்.

பிரிய வேண்டிய தையல் அது.

வண்டி எதிலாவது மோதினால், சீட்டுக்குள் மடிந்திருக்கும் ஏர்பேக் அந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, உட்கார்ந்திருப்பவரின் விலாவைக் காக்க வேண்டும். அதற்காகக் கதவுப் பக்கத்தில் ஒரு முழத்துக்கு மட்டும் சுலபமாக அறுந்துபோகிற மெல்லிய நூல். மற்ற இடமெல்லாம் தடித்த நூல். இரண்டும் ஒரே சிவப்பு.

அந்த ஒரு முழம் வரும்போது மிஷினை நிறுத்தி நூலை மாற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்த வேலை. நேற்று சாயங்காலம் வண்டியைக் கொடுத்தாயிற்று. இன்று காலை மிஷினில் இருந்த நூல்கண்டைக் கழற்றியபோதுதான், முழு சீட்டையும் தடித்த நூலிலேயே தைத்துத் தொலைத்தது தெரிந்தது. மெல்லிய கண்டு இழுப்பறையில் கிடந்தது. அதை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னங்கால் பிடரியில் பட ஓடி வந்திருந்தார்.

ஞாயிறு காலையில் வேகக் கார் பைத்தியங்கள் கூடுகிற மைதானம். எட்டு வண்டிகள் கதவை விரித்துக்கொண்டு நின்றன. இது மூக்கும் முழியுமாக இருக்கிறது, அதற்குப் பின்புறம்தான் அழகு, இதன் உள்கூரை வெல்வெட், அதன் டாஷ்போர்டு வெறும் பிளாஸ்டிக் என்று, சந்தையில் மாடு பார்ப்பவர்களைப்போல ஆளாளுக்குத் தட்டியும் தடவியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரின் உயிர் நண்பரான வக்கீல் மட்டும் வெறுங்கையோடு வந்திருந்தார். அவருடைய பச்சை வண்டியை, புதிதாக லைசென்ஸ் வாங்கிய மகள் விடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். மாப்பிள்ளை இல்லாத கல்யாணமா என்று எல்லோரும் அவரை ஓட்டினார்கள். அவர் விடுவாரா? போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“சிவப்புத் தையல் முதல்ல என் வண்டியிலதான் வந்துச்சு. டாக்டர் காப்பியடிச்சவரு!”

உண்மைதான்; அதைத் தைத்ததும் இதே குஷன்காரர்தான். அந்தப் பொறாமையில்தான் டாக்டர் குஷன்காரரைத் தேடியே வந்தார்.

“இதோ, கைராசிக்காரரே வந்துட்டாரு!” என்று யாரோ அவர் தோளில் கை போட்டார். யாரோ காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார். இரண்டு பேர் தங்கள் வண்டிக்கும் நாள் கேட்டார்கள்.

குஷன்காரர் தலையாட்டி வைத்தார். சொன்னால் இருபத்திரண்டு வருஷப் பெயர் இந்த டீ ஆறுவதற்குள் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை நினைத்து அவருக்கே பயமாக இருந்தது.

டாக்டருக்கு இரண்டு பெண் குழந்தைகள். நேற்று அப்பாவோடு கடைக்கு வந்து, பொம்மைக்குச் சட்டை தைக்க மிச்சத் தோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். நெடுஞ்சாலையில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வருகிறேன் என்றார். எஞ்சின் உறுமியது.

குஷன்காரர் டீயைக் கீழே போட்டார். மூடப்போன கதவை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, இடுப்புப் பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து, சீட்டின் ஓரத்தில் சர்ரென்று இழுத்துவிட்டார்.

“யோவ்! பைத்தியமாய்யா உனக்கு?”

அப்புறம்தான் சொன்னார். நூல், ஏர்பேக், தன் தப்பு எல்லாவற்றையும் பாதி அழுகையோடு குளறிக் குளறிச் சொன்னார். இறங்கி நின்ற டாக்டரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. வாய் பிளந்து கிடந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் குஷன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார்.

அப்பாடா! குஷன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை சுலபமா என்றுகூடத் தோன்றியது.

வக்கீல் மட்டும் ஓர் அடி முன்னால் வந்தார். அவர் கையில் போன் இன்னும் அணையாமல் இருந்தது. அதில் பச்சை வண்டி, சிவப்புத் தையல்.

“என் வண்டிக்கு எந்த நூலுங்க?”

“உங்களுக்குச் சரியான நூல்தான் சார். போன வருஷம் உங்க வண்டிக்குன்னே தனியா வாங்கினேன். இந்தக் கண்டுதான், நீங்களே பாருங்க.”

குஷன்காரர் தெம்பாகச் சட்டைப்பையில் கையை விட்டு, மெல்லிய நூல்கண்டை எடுத்து வக்கீலின் உள்ளங்கையில் வைத்தார்.

வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனியில் சுற்றிய கண்ணாடித் தாள் அப்படியே இருந்தது. ஒரு நுனிகூடப் பிரிக்கவில்லை.

அவர் மகளுக்குப் போன் போட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.