புது பெல்ட்

அம்மாவின் வாக்குவம் கிளீனர் எந்த வருடத்தது என்று தெரிந்துகொள்ள, எர்மா அதை ஓஹியோவில் வெர்னனின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாள். அம்மா இறந்து ஒன்பது வருடங்களாக அது பூட்டிய மாடியறையில் கிடந்தது.

வெர்னன் அடியிலிருந்த எண்ணைப் படித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து மிஷின்மா. மோட்டார், பை, சக்கரம் எல்லாம் கம்பெனி போட்டதேதான். இந்த ரப்பர் பெல்ட் மட்டும் புதுசு. மாத்தி ஒரு மாசம்கூட இருக்காது."

"அறைச் சாவி என்கிட்டதானே இருக்கு!"

"அப்போ யாரு மாத்தினா?"

இந்தக் குளிர்காலம் முழுக்க மதியத் தூக்கத்தினூடே மாடியிலிருந்து கேட்ட, வண்டு என்று அவள் நினைத்திருந்த ரீங்காரம் அவளுக்கு நினைவு வந்தது. இன்னும் இரண்டு பெல்ட் கேட்டாள்.

"இதுவே ஒரு வருஷம் உழைக்குமே, இப்பவே எதுக்கு?"

"அம்மா தனக்குன்னு எதையும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க."