பெருவிரல்

"நான் விரலை அசைப்பேன். மேலயா, கீழயான்னு பார்க்காம சொல்லணும். மனசிலாச்சோ?"

திரவியம் கண்களை மூடிக்கொண்டார். டாக்டர் நீலகண்டன் அவருடைய வலது கால் பெருவிரலைப் பிடித்தார்.

தொடுவது தெரிந்தது. விரல் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் தெரியவில்லை.

கண் திறந்திருந்தால் சமாளித்துவிடுவார். பார்த்துப் பார்த்து வைத்தால் கால் சொன்னபடி கேட்கும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால்தான் தரை நழுவும்.

பேரூர்க்கடையில் கட்டும் தண்ணீர்த் தொட்டிக்குச் சாரம் அறுபதடி. போன மாதம் பாதி உயரத்தில் அவர் தடுமாறியதைக் காண்ட்ராக்டர் பார்த்துவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இனி ஏறக் கூடாது. இருபத்திரண்டு வருடம் உயரத்திலேயே நின்ற கொத்தனார் கீழே கலவை குழைப்பதா?

போன தடவை இதே சோதனையில் தோற்றார். பத்து நாள் ஊசி போட்டுக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர்.

அந்தப் பத்து நாளும் ஆரியசாலையில் தங்கள் ஒற்றை அறையில் அவரும் மனைவி மாடம்மாளும் பழகினார்கள். அவள் கண்ணாடி வளையல் ஒருமுறை குலுங்கினால் மேலே. இருமுறை என்றால் கீழே.

இப்போது அவள் கட்டிலின் கால்மாட்டில், விரல் நன்றாகத் தெரியும்படி நின்றிருந்தாள்.

வளையல் ஒருமுறை குலுங்கியது.

"மேலே."

இருமுறை.

"கீழே."

மறுபடி இருமுறை.

"கீழே."

"கொள்ளாமே, எல்லாம் சரி" என்றார் டாக்டர்.

நாற்காலி கிரீச்சிட்டது. டாக்டர் திரும்பிப் பார்க்கிறாரா?

வளையல் ஓசை வரவில்லை.

"சொல்லும்."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அவர் காத்திருந்தார்.

"சொல்லும், திரவியம்."

வளையல் ஒருமுறை குலுங்கியது. சந்தேகத்துக்கு இடமில்லாத ஓசை.

"மேலே" என்றார் சத்தமாக.

டாக்டர் விரலை இன்னொரு முறை அசைத்தார். மறுபடியும் ஒருமுறை குலுங்கியது.

"மேலே."

"கண்ணைத் திறந்து பாரும்."

பெருவிரல் டாக்டரின் பிடியில் கீழ்நோக்கி வளைந்திருந்தது.

சாரத்தில் ஏறக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

வராந்தாவில் மாடம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து காலைப் பார்த்தபடியே நடந்தவர் தூணருகே நின்றார்.

"ஏட்டி, கடைசியில ஒரு தடவதானே கேட்டுது?"

அவள் பிடியை விடவில்லை.

"ஒரு தடவதான் ஆட்டினேன்."