பட்டப்பகலில் விளக்கு

தெஹ்ரானின் செபா சதுக்கத்துக்குச் சற்று முன்னால் எஸ்கந்தர் டாக்சியை நிறுத்தி இறங்கினான். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிரதமரின் படத்தை நகத்தால் சுரண்டினான்.

வரவில்லை.

ஒட்டியவன் அவன் தம்பி ஃபரமர்ஸ். எண்ணெயை நாட்டுடைமையாக்கி, பிரதமர் கிழவர் வெள்ளைக்காரர்களைக் கப்பலேற்றி அனுப்பிய நாளில், பசை காய்ச்சி, உலகம் அழிந்தாலும் இது அழியாது என்று சொல்லி ஒட்டினான். அன்றைக்கு ஒரு சவாரிக்கும் காசு வாங்கவிடவில்லை. நம் எண்ணெயில் ஓடுகிற வண்டிக்கு எதற்குக் கூலி என்றான். அண்ணனுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போது அந்தத் தம்பி பின் இருக்கையில், போர்வைக்குள், வயிற்றில் குண்டோடு கிடந்தான். பிரதமரின் வீட்டைக் காக்க வெறுங்கையோடு போய் நின்றவர்களில் அவனும் ஒருவன்.

பிரதமரின் ஆட்சி கவிழ்ந்துவிட்டது, இனி எல்லாம் மன்னர்தான் என்று வானொலி சொல்லிவிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி, ஒரே பகலில்.

ஆஸ்பத்திரி சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் தடிகளோடு கூட்டம். வெயில் கொளுத்தியது. ஆனாலும் போகிற வண்டியெல்லாம் முகப்பு விளக்கை எரியவிட்டு, கண்ணாடியில் மன்னரின் படத்தோடு போனது. மன்னர் பக்கம் என்பதற்கு அதுதான் அடையாளம். அது இல்லாத வண்டியைக் குடை சாய்த்தார்கள்.

மன்னரின் படத்துக்கு எங்கே போவான்? பத்து ரியால் நோட்டில் இருந்தார். எச்சில் தொட்டு, கிழவரின் முகத்தின்மேலேயே ஒட்டினான். வழுக்கைத் தலை அடங்கவில்லை. அதற்கு மேல் இன்னொரு நோட்டு.

விளக்கைப் போட்டான். பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. அப்போது உயிர் இருந்தது. அது அவனுக்கு நிச்சயம்.

தடிக்காரன் ஒருவன் பானெட்டில் தட்டி நிறுத்தினான். போர்வைக்குள் யார் என்றான். டைஃபாய்டு என்றான் எஸ்கந்தர். தடிக்காரன் இரண்டடி பின்வாங்கினான். வழி மட்டும் விடவில்லை.

"மன்னர் வாழ்கன்னு சத்தமாச் சொல்லுடா. அந்தச் சீக்காளி காதுலயும் விழணும்."

எஸ்கந்தர் சொன்னான். போதாது என்றார்கள். தொண்டை கிழியக் கத்தினான். கூட்டம் கைதட்டி வழிவிட்டது.

உனக்காகத்தான்டா கத்தினேன் என்று தம்பியிடம் சொல்ல நினைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆஸ்பத்திரி வாசல் வரை பின்னால் திரும்பவே இல்லை.

டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். மறுபடி முகம்வரை இழுத்து மூடினார்.

எஸ்கந்தர் அழவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உயிரு எப்பங்க போச்சு? சதுக்கத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. அதை எப்படியப்பா சொல்ல முடியும் என்று கையை விடுவித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். வராந்தா முழுக்க ஆட்கள் கிடந்தார்கள்.

வீட்டுக்கும் அந்தச் சதுக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தம்பியை மறுபடி பின் இருக்கையில் கிடத்தி, எஸ்கந்தர் வண்டியைத் திருப்பினான். விளக்கை அணைக்கவில்லை.

தடிக்காரன் கையை உயர்த்துவதற்கு முன்பே கத்தத் தொடங்கினான். இந்த முறை தம்பியின் காதில் விழாது. அது மட்டும் நிச்சயம்.